புத்தகம் தூக்கிப் போற பேத்திக்கு

வா தாயி. பையைக் கீழ வச்சுட்டு உக்காரு. உள்ள இருக்கிறது சாமான் இல்ல, சாமானோட படம்னு எனக்குத் தெரியும். ஆனாலும் வழவழப்புத் தாள் புத்தகம் பத்து சேந்தா தோள்பட்டை இறங்கத்தான் செய்யும்.

வீட்டுச் சாமான் கேட்டலாக்கை வீடு வீடாக் காட்டி, ஆர்டர் புடிச்சு, பார்ட் டைமா நாலு காசு பாக்கப் போறியாம், உங்கப்பன் சொன்னான். சந்தோசம். வாசப்படி ஏறி வியாபாரம் பண்ணுன கடைசி ஆளு நம்ம குடும்பத்துல நான்தான்னு நெனச்சிருந்தேன். வாரிசு வந்துருச்சு. நான் சைக்கிள் கேரியர்ல எவர்சில்வர் குடத்தையும் தூக்குவாளியையும் கயித்தால கட்டிக்கிட்டு நெலக்கோட்டை, வத்தலக்குண்டு, செம்பட்டி, சின்னாளபட்டின்னு சுத்துனவன். நீ ஸ்கூட்டியில காகிதத்தை வச்சுக்கிட்டுச் சுத்தப் போறே. முன்னேத்தம்தான். குடம் கீழ விழுந்தா நசுங்கும். படம் விழுந்தா ஒண்ணும் ஆகாது.

யோசனை கேட்டியே, சொல்றேன். நான் யோசனைக்குக் காசு வாங்குறதில்ல. அதனாலதான் இந்த வீட்டுல ஒருத்தரும் கேக்குறதில்ல.

மொதல்ல சொந்தக்காரங்ககிட்ட போ. உங்க கம்பெனி மீட்டிங்லயும் அதைத்தானே சொல்லிக் குடுத்திருப்பாக? ஒரு வெள்ளைத் தாளை எடு, தெரிஞ்சவுக பேரு நூறு எழுதுன்னு. எழுதிட்டியா? காட்டு. ம்... மொத பேரு உங்க சின்னாத்தா. ரெண்டாவது நாத்தனா. மூணாவது... அடிப்பாவி, என் பேரா? சரி, மூணாவது இடம் குடுத்திருக்கே, மரியாதைதான்.

நாத்தனாகிட்ட கண்டிப்பாப் போ. அவளால வேணாம்னு சொல்ல முடியாது. ஒரு டப்பா வாங்குவா. அந்த டப்பாவுக்கு மூடி சரியா உக்காரலைன்னு பொங்கல்ல இருந்து தீவாளி வரைக்கும் சொல்லுவா. காதுகுத்து வீட்டுப் பந்தியில, ரசத்துக்குக் கை நீட்டிக்கிட்டே சொல்லுவா. உங்க சின்னாத்தா ரெண்டு வாங்குவா, ஏன்னா நாத்தனாவை விடக் கம்மியா வாங்குனா கௌரவக் குறைச்சல். இப்படியே மொத மாசம் நல்லா ஓடும். கம்பெனிக்காரவுக உன்னை மேடையில ஏத்தி கைதட்டுவாக. ரெண்டாவது மாசமும் ஓடும், கொஞ்சம் நொண்டிக்கிட்டு. மூணாவது மாசம் நீ வர்றதைப் பாத்தா வாசல்ல கெடக்குற செருப்பெல்லாம் உள்ள போயிரும். வீட்டுல ஆள் இல்லேன்னு காட்டணும்ல.

அந்த நூறு பேரும் தீந்த மறுநாள்தான் நீ வியாபாரத்துக்கே வர்றே தாயி. அதுவரைக்கும் நடந்தது மொய் வசூல். மொய்யின்னா திருப்பிச் செய்யணும், அதை மறந்துராதே. நாளைக்கு உங்க சின்னாத்தா மக வேற கம்பெனி புத்தகத்தோட வந்து நிப்பா. நீ அவகிட்ட அதே வெலைக்கு ஒரு டப்பா வாங்கித்தான் ஆகணும். அவ டப்பா உன் வீட்டுல, உன் டப்பா அவ வீட்டுல. ரெண்டு கம்பெனியும் நல்லா இருக்கும்.

இந்தச் சொந்தபந்த யாவாரத்தை நாம கண்டுபிடிச்சோம்னு பெருமைப்படாதே. உன் தம்பி போன்ல படிச்சுக் காட்டுனான். டப்பர்வேர் இருக்குதுல்ல, அது அமெரிக்காவுல ஏர்ல் டப்பர்னு ஒருத்தர் 1946ல கொண்டாந்த சாமான். கடையில அடுக்கி வச்சாராம், போகல. சாமான்ல குறை இல்ல. அந்த மூடியை அமுக்கி, ஓரத்தை லேசாத் தூக்கி, உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தணும், அப்பத்தான் இறுகும். கடைக்காரன் அதை யாருக்குச் செஞ்சு காட்டுவான்? பிரவுனி வைஸ்னு ஒரு அம்மா, புருசனைப் பிரிஞ்சு ஒத்தப் புள்ளையை வளத்தவுக, அக்கம்பக்கத்துப் பொம்பளைகளை ஒரு வீட்டுல கூட்டி உக்காத்தி வச்சு அதைச் செஞ்சு காட்டுனாக. டப்பாவுல பழச்சாறை ஊத்தி மூடி, சபையில தூக்கி எறிவாகளாம். ஒரு சொட்டு சிந்தாது. வித்துத் தள்ளிட்டாக. 1951ல டப்பர் ஐயா கடையில இருந்த சரக்கையெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டு, இனிமே வீட்டு வழி மட்டும்தான்னு சொல்லிட்டாரு. 1954ல பிசினஸ் வீக் பத்திரிகை அட்டையில அந்த அம்மா படம் வந்துச்சு. அந்த அட்டையில படம் வந்த மொத பொம்பளை அவுகதான்.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளு. 1958ல வேலையை விட்டு எடுத்துட்டாக. கம்பெனியில ஒரு பங்குகூட அவுக பேருல கெடையாது. அந்த வருசமே டப்பர் ஐயா கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு வித்துட்டுப் போயிட்டாரு. இந்தியாவுக்கு அந்தச் சாமான் 1996ல வந்துச்சு. நம்ம மதுர, திண்டுக்கல் பக்கம் எத்தனை ஆபீஸுல மத்தியானச் சோத்தை அந்த டப்பாவுலதான் கொண்டு போனாக. 2024 செப்டம்பர்ல அமெரிக்காவுல அந்தக் கம்பெனியே கடன் தாங்காம திவால் மனு போட்டுச்சு. அது அவுக பாடு. நான் சொல்ல வந்தது, வீட்டுக் கதவைத் தொறந்து குடுத்த பொம்பளைக்கு அதுல என்ன மிஞ்சுச்சுங்கிறதை. நீயும் கதவு தொறக்குற வேலைக்குத்தான் போறே. புத்தகம் அவுகளோடது, சாமான் அவுகளோடது, வெலை வச்சதும் அவுக. உன்னோடதுன்னு இருக்கிறது வாசப்படி மட்டும்தான். கம்பெனி உன்கிட்ட வாங்குறது அதைத்தான். உனக்கு அது விக்கிறது புத்தகத்தை. ஆக இந்த யாவாரத்துல மொத வாடிக்கை நீ. அதனால வாங்குறவ எப்படிக் கேள்வி கேப்பாளோ, அப்படி மொதல்ல நீ கேளு. கேக்க மாட்டே. மீட்டிங்ல மைசூர்பாகு குடுத்திருப்பாக.

சரி, நடையைக் கணக்குப் பண்ணுவோம். நான் குடம் விக்கப் போனா சாமான் கையில இருக்கும். தட்டிப் பாப்பாக, கவுத்துப் பாப்பாக, தண்ணி ஊத்திப் பாப்பாக. காசு இல்லேன்னா பழைய பட்டுச் சேலையைக் குடுப்பாக, ஜரிகையைப் பாத்து நான் எடை போட்டுக்குவேன். ஒரே நடை, சோலி முடிஞ்சுச்சு. உனக்கு ஒரு வீட்டுக்கு நாலு நடை. புத்தகத்தைக் குடுக்க ஒண்ணு, திருப்பி வாங்க ஒண்ணு, சாமானைக் குடுக்க ஒண்ணு, காசு வாங்க ஒண்ணு. அந்த நாலாவது நடைக்குக் குட்டி நடை எத்தனை பொறக்கும்னு ஆண்டவனுக்கே தெரியாது.

ரெண்டாவது நடையில நீ திருப்பி வாங்குற புத்தகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். போறப்ப மணமக கணக்காப் போன புத்தகம் எப்படி வரும் தெரியுமா? அட்டையில மஞ்சத்தூள் விரல் பதிஞ்சிருக்கும். குக்கர் படத்துக்கு அந்த வீட்டுப் பொடிசு மீசை வரைஞ்சு வச்சிருக்கும். நடுவுல ஒரு பக்கம் இருக்காது. இட்டிலிச் சட்டி நல்லா இருக்குன்னு கத்திரிச்சு வச்சுக்கிட்டு, அதே மாதிரி சந்தையில வாங்க மருமகனை அனுப்பியிருப்பாக. அந்தப் பக்கம் இல்லாத புத்தகத்தைத்தான் அடுத்த வீட்டுல நீ குடுக்கணும். அடுத்த வீட்டுக்காரி கரெக்டா அந்தப் பக்கத்தைத்தான் கேப்பா. அதுனால ஒரு பழைய பிளாஸ்டிக் உறை போட்டுக் குடு. பின்னட்டையில உன் பேரு, போன் நம்பரு, "செவ்வாக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்"னு ஒரு சீட்டு ஒட்டு. தேதி சொல்லாத புத்தகம் திரும்பி வராது. டிவி மேல வெயிட்டுக்குக் கெடக்கும்.

இப்பக் கணக்கு. பென்சிலை எடு. மாசம் ஒண்ணுக்கு நானூறு ரூபா ஆர்டர் இருபது புடிச்சேன்னு வையி. 8,000. நூத்துக்கு இருபது கமிஷன்னா 1,600. வாயெல்லாம் பல்லாத் தெரியுது, கொஞ்சம் மூடிக்கோ. பெட்ரோலு 500. புத்தகம் பத்து, ஒண்ணு இருபது ரூபான்னா 200. மிச்சம் 900. வேணாம்னு திருப்பிவிட்ட பாட்டில் செட்டு ஒண்ணு 450 ரூபாய்க்கு உன் பரண்ல ஏறியிருக்கும். மேலத்தெரு டீச்சரம்மா அடுத்த மாசம் தாரேன்னது 600. கழிச்சுப் பாரு. கையில இருந்து 150 போட்டு வேலை செஞ்சிருக்கே.

முகத்தைத் தொங்கப் போடாதே. டீச்சரம்மா குடுத்துருவாக, பாட்டில் செட்டும் ஒரு கல்யாணத்துக்குப் போயிரும். 900ன்னே வச்சுக்குவோம். இருபது ஆர்டருக்கு வீட்டுக்கு நாலு நடைன்னா எண்பது நடை. நடைக்குக் கால் மணி நேரம். இருபது மணி நேரம். மணிக்கு 45 ரூபா. நூறுநாள் வேலைக்கு நம்ம மாநிலத்துல 2024-25க்கு அறிவிச்ச கூலி நாளுக்கு 319. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா நாப்பதுக்குத் துளி கம்மி. ஆக, அந்தக் கூலிக்குக் கண்மாய்க் கரையில மண்ணள்ளுன எங்க அக்கா மகளை விட நீ மணிக்கு அஞ்சு ரூபா கூட. பட்டம் படிச்சதுக்குப் பலன் இருக்கு. ஆனா ஆர்டர் குடுக்காத வீட்டுக்கு நடந்த நடையை நான் இன்னும் சேக்கல. பத்து வீட்டுல மூணு வாங்கும்னு வச்சா, வாங்காத வீட்டுக்குப் புத்தகம் குடுக்கவும் வாங்கவும் ரெண்டு ரெண்டு நடை. அதையும் சேத்தா மணிகூலி பாதிக்கு வந்துரும். எங்க அக்கா மக சிரிப்பா.

இதைக் கேட்டுட்டு விட்டுருவேன்னு சொல்லாதே. விட்டா நான் யாரைக் கேலி பண்றது? நடையைக் குறைக்கிற வழி இருக்கு. ஊரு முழுக்கச் சுத்தாதே. தெருவை எடு. நாப்பது வீடு உள்ள ஒரு தெரு போதும். ஒரே நாள்ல எல்லாருக்கும் புத்தகம், ஒரே நாள்ல திருப்பி, ஒரே நாள்ல சாமான். சாமான் குடுக்கிறப்பவே காசு. அப்ப நாலு நடை மூணாகும். வண்டியை ஒருக்கா நிறுத்துனா இருபது வீடு பாத்துரலாம். பெட்ரோல் 500 நூறா எறங்கும். ஒவ்வொரு மாசமும் அதே கிழமையில வரணும். நான் செம்பட்டிக்கு வியாழக்கிழமைதான் போவேன். ஒரு வியாழன் போகலைன்னா, ஆளு இருக்காரா இல்லையான்னு விசாரிப்பாக. குடம் வாங்க இல்ல. பாக்கி வச்சிருந்தவுக ஆசையா விசாரிப்பாக.

நேரம் பாத்துப் போ. காலையில பதினொரு மணிக்கு முன்னாடி போகாதே, அடுப்புல கொதிக்குது. சாயங்காலம் சீரியல் நேரத்துல போனா உன் மூஞ்சியை ஒருத்தரும் பாக்க மாட்டாக. வெள்ளிக்கிழமை வெளக்கு வச்ச பொறகு காசு கேக்காதே. வீட்டு லச்சுமியை வெளிய அனுப்ப மாட்டாக. மகளிர் குழுவுக்குத் தவணை கட்டுற நாள் எதுன்னு விசாரிச்சு வச்சுக்கோ. அன்னிக்கு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டாதே, நீயும் வசூலுக்கு வந்தவன்னு நெனச்சுக் கதவைச் சாத்திருவாக. பால் சொசைட்டியில பணம் போடுற நாள் நல்ல நாள். மல்லிகைப்பூ வெலை ஏறுன வாரம் நெலக்கோட்டைப் பக்கம் போனா ராச யோகம். மாசம் 15ஆம் தேதி வாக்குல மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா ஏறும், அதுக்கு மறுநாள் போகலாம்னு உனக்கே தோணியிருக்கும். போ. ஆனா அந்த ஆயிரத்துக்குக் கேபிள்காரர், சீட்டுக்காரம்மா, கட்டில் தவணைக்காரர், மெடிக்கல் கடைன்னு நாலு பேரு ஏற்கனவே திண்ணையில உக்காந்திருப்பாக. அஞ்சாவதா நீ உக்காந்து படம் காட்டு.

போன உடனே புத்தகத்தை எடுக்காதே தாயி. ஒரு சொம்புத் தண்ணி கேளு. தண்ணி குடுத்த வீட்டுல நாலு வார்த்தை பேசலாம். மருமகளுக்கு எத்தனாவது மாசம், ஆடு குட்டி போட்டுருச்சான்னு கேளு. அவுகளே "பையில என்னம்மா"ன்னு கேக்கட்டும். கேக்குற வரைக்கும் பையை மடியிலயே வச்சிரு. இது மீட்டிங்ல சொல்லிக் குடுக்காத பாடம். அங்க கோட்டு போட்டுக்கிட்டுப் பேசுறவருக்குச் சொம்புத் தண்ணி குடிச்சுப் பழக்கம் இருக்காது.

சட்டமும் இப்ப மாறிப் போச்சு. 2021 டிசம்பர் 28ல மத்திய அரசு நேரடி விற்பனைக்குன்னு விதி போட்டுச்சு. நீ அடையாள அட்டை இல்லாம ஒருத்தர் வீட்டுக்குப் போகக் கூடாது; முன்னாடியே சொல்லி, சரின்னு கேட்டுக்கிட்டுத்தான் போகணும். நான் போற காலத்துல சைக்கிள் மணிதான் முன்னறிவிப்பு, நாய் குலைக்கிறதுதான் அனுமதி. போன உடனே நீ யாரு, எந்தக் கம்பெனி, எதுக்கு வந்திருக்கேன்னு ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லணும். வெலை என்ன, புடிக்கலைன்னா எப்படித் திருப்புறது, காசு எப்ப வரும், எல்லாம் விவரமாச் சொல்லணும். கம்பெனி சொல்லாத பெருமையை நீயாச் சேத்துச் சொல்லக் கூடாது. "இந்தத் தட்டுல சாப்பிட்டா சர்க்கரை எறங்கும்"னு எவளாச்சும் சொன்னா அவ விதியை மீறுறா. புதுசாச் சேர வர்றவளை, புத்தகத்தையோ செஞ்சு காட்டுற சாமானையோ காசு குடுத்து வாங்குன்னு நிர்ப்பந்தம் பண்ணவும் கூடாது. உன்கிட்ட அந்த மொதல் கிட்டுக்கு எம்புட்டு வாங்குனாக? சொல்ல வேணாம், உன் மூஞ்சியிலயே வெலைச்சீட்டு ஒட்டியிருக்கு. புகார் இருந்தா 1915க்குப் போன் பண்ணலாம். நீ பண்ணு, உன் வாடிக்கையும் பண்ணலாம். அதையும் ஞாபகத்துல வையி.

திருப்பி வாங்குற விசயத்துல எங்க காலமே காலம். குடத்தை வெலை பேசி முடிச்ச உடனே நான் கேக்குறது, "பேரு என்ன வெட்டட்டும்?" சின்ன உளியும் சுத்தியும் இடுப்புலயே இருக்கும். மடியில துணியைப் போட்டு, குடத்தைக் கவுத்து வச்சு, கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியாக் கொத்துவேன். டக் டக் டக்னு சத்தம் கேட்டு நாலு வீட்டுப் பொம்பளைக வந்து நிப்பாக. அது ஒரு விளம்பரம். மொத எழுத்து விழுந்த உடனே வீட்டுக்காரி நிமிந்து உக்காருவா. அவ பேரு பத்திரத்துல இருக்காது, பட்டாவுல இருக்காது, இந்தக் குடத்துல இருக்கும். அப்புறம் அந்தக் குடத்தை யாரு திருப்பிக் குடுப்பா? பாக்கி மட்டும் அப்பவும் நிக்கும், அது வேற கதை. சீதனமாப் போன குடத்துல என் கைக் கொத்து இன்னிக்கும் எத்தனையோ வீட்டுல இருக்கு. உன்கிட்ட அந்த உளி இல்ல. கம்பெனிதான் உன் பேரை வெட்டி, அடையாள அட்டைன்னு கழுத்துல மாட்டி விட்டிருக்கு.

இப்ப உங்க மீட்டிங்ல சொன்ன அந்த ஆறு பேரு விசயத்துக்கு வருவோம். நான் மறந்துருவேன்னு பாத்தியா? "சாமான் விக்கிறதுல என்ன இருக்கு, உனக்குக் கீழ ஆறு பேரைச் சேரு, அவுக ஆறாறு பேரைச் சேக்கட்டும், நீ படுத்துக்கிட்டே சம்பாதிக்கலாம்"னு கல்யாண மண்டபத்துல வேர்க்க வேர்க்கக் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் சொன்னாருல்ல. உன் தம்பியைக் கால்குலேட்டர்ல போடச் சொன்னேன். ஆறு, முப்பத்தாறு, இருநூத்திப் பதினாறு... அஞ்சாவது படியில 7,776 பேரு. அம்புட்டுப் பேரைச் சேக்க நம்ம ஊரு பத்தாது. பத்தாவது படியில 6 கோடியே 4 லட்சத்துச் சொச்சம். மேலிருந்து கீழ எல்லாத்தையும் கூட்டுனா 7 கோடியே 25 லட்சம். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டு சனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டில்ல கெடக்குற புள்ளை, ஆஸ்பத்திரியில கெடக்குற கெழவன், கலெக்டர், கைதி எல்லாரையும் சேத்தாலும் இன்னும் சில லட்சம் பேரைக் கேரளாவுல போய்ப் புடிக்கணும். அம்புட்டுப் பேரும் விக்க வந்தாச்சுன்னா வாங்குறது யாரு தாயி? அந்தக் கோட்டுக்காரர்கிட்ட இதைக் கேட்டிருந்தா, "நெகட்டிவ்வா யோசிக்காதீங்க"ன்னு சொல்லியிருப்பாரு.

பொருளை விக்காம ஆளைச் சேத்துக் காசு சுத்துற வேலைக்கு 1978லயே தடைச் சட்டம் இருக்கு. 2021 விதியும் அந்தப் பிரமிடு வேலை கூடாதுன்னு சொல்லுது. ஆம்வேன்னு ஒரு நேரடி விற்பனைக் கம்பெனி 1998ல நம்ம நாட்டுல யாவாரத்தைத் தொடங்குச்சு, அப்புறம் நெலக்கோட்டைப் பக்கமே தொழிற்சாலையும் கட்டுச்சு. 2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை அது மேல பிரமிடு மோசடின்னு குத்தம் சாட்டி 757 கோடி ரூபாய்க்கு மேல சொத்தை முடக்குச்சு. அதுல திண்டுக்கல் மாவட்டத்து நெலமும் தொழிற்சாலையும் அடக்கம். குத்தச்சாட்டு வேற, தீர்ப்பு வேற. தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்ல. எந்தக் கம்பெனியானாலும் சரி, உனக்கு வர்ற ரூபா சாமான் வித்ததுல வருதா, ஆளு சேத்ததுல வருதான்னு மாசாமாசம் ரெண்டு பத்தியாப் பிரிச்சு எழுதிப் பாரு. ரெண்டாவது பத்தி பெருசாச்சுன்னா, உன் கீழ இருக்கிறவ பேரைப் படி. அது அனேகமா உங்க சின்னாத்தா மகளாத்தான் இருக்கும்.

இன்னொரு கூத்து. மீஷோன்னு ஒண்ணு 2015ல ஆரம்பிச்சாகளாம். மொதல்ல உன்னை மாதிரி வீட்டுப் பொம்பளைக வாட்ஸ்அப்புல படத்தைத் தெரிஞ்சவுகளுக்கு அனுப்பி, மேல அம்பது நூறு வச்சு வித்துத்தான் அது வளந்துச்சு. இப்ப வாங்குறவுக நேரா அந்த ஆப்லயே வாங்கிக்கிறாக. கதவு தொறந்தாச்சு, தொறந்தவுக எதுக்கு? நீ புத்தகத்தை விரிக்கிறப்பவே அந்த வீட்டுக் காலேஜ் பையன் போனை எடுத்துப் படம் புடிச்சு வெலை பாத்துருவான். அவன்கிட்டச் சண்டை போடாதே, அவனையே கணக்குப் பாக்கச் சொல்லு. அனுப்புற கூலியைச் சேத்தா சில சாமான்ல நீ ஜெயிப்பே. பெரிய சாமான்ல தோப்பே. குக்கர், மிக்சியெல்லாம் திண்டுக்கல் கடைவீதிக்காரன் ரிப்பேரோட சேத்து விக்கிறான், உன்னால முடியாது.

அதனால பெரிய படத்தைப் பாத்து மயங்காதே. தீந்து போற சாமானை வில்லு. பாத்திரம் தேய்க்கிற நாரு, தரை துடைக்கிற மாப்புக்கு மாத்துத் துணி, பாட்டில் கழுவுற பிரஷ், கழிப்பறைக் கழுவி. நாப்பது அம்பது ரூபா சாமான். கேவலமா இருக்கும். அடுத்த மாசமும் கேப்பாக. நான் வித்த குடம் முப்பது வருசம் உழைச்சு என் பொழப்பைக் கெடுத்துச்சு. நல்ல சாமான் வித்ததுக்குத் தண்டனை. நீ மாப்புக் கம்பை ஒருக்கா வித்தா மாத்துத் துணியை வருசம் முழுக்க விக்கலாம். ஒரு நோட்டுப் போடு. எந்த வீட்டுல எப்ப வாங்குனாக, எப்பத் தீரும். இந்தக் கம்பெனி நாளைக்குக் கடையைச் சாத்திட்டாலும் அந்த நோட்டு உன்னோடதுதான். அதைக் கோட்டுக்காரர்கிட்டக் காட்டாதே. உங்க அப்பத்தாகிட்டயும் காட்டாதே. மேலத்தெருவுல யாரு வீட்டுல எம்புட்டு மாப்புத் துணி தேயுதுன்னு தெரிஞ்சா அவ ஊரெல்லாம் சொல்லிருவா.

சரி, என் பேரு மூணாவது இடத்துல இருக்குல்ல. புத்தகத்துல ஒட்டடைக் குச்சிப் பக்கத்தைத் திருப்பு. நீள்ற கம்பா? எம்புட்டு அடி நீளும்? படத்துல நல்லாத்தான் நீளுது. வெலை 349. நான் இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருக்கப்ப உன் தம்பி சும்மா உக்காந்திருக்கான்னு நெனச்சியா? போன்ல 310ன்னு கையைக் காட்டுறான். முப்பத்தொம்பது ரூபா கூடக் குடுத்து உன்கிட்ட நான் எதுக்கு வாங்கணும்? பேத்திங்கிறதைச் சொல்லாதே, அது செல்லாது. கம்பைக் கையில குடுத்துச் சொல்லு.

கம்பு கொண்டு வரலையா?